22-ஏ: ஒரு ஸ்டூலுக்காக எழுதப்பட்ட சட்டப்பிரிவு

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் மிகச் சின்ன மசோதா ஒன்றைத் தாக்கல் செய்தார். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று புதிதாக ஒரு பிரிவைச் சேர்க்கும் மசோதா அது. அந்தப் பிரிவு மொத்தமும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும்: ஒவ்வொரு நிறுவனத்திலும் ஊழியர்கள் எல்லோருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டு, வேலைநேரம் முழுக்க நின்றபடியே இருக்கும் நிலையைத் தவிர்க்க வேண்டும். ஆங்கில வாசகத்தில் அந்த நிலையைக் குறிக்க ‘கால்விரல் நுனியில்’ என்று பொருள்படும் சொல்லைப் போட்டிருக்கிறார்கள். சட்டமொழிக்குள் ஒரு பாதம் எட்டிப் பார்ப்பது அபூர்வம். அதனாலேயே அந்த வரி என் நினைவில் நின்றுவிட்டது.

மசோதாவோடு தந்த விளக்கத்தில், கடை ஊழியர்கள் பணிநேரம் முழுவதும் நிற்கவைக்கப்படுவதால் பலவித உடல்நலக் கேடுகளுக்கு ஆளாகிறார்கள் என்று அரசே எழுதியிருந்தது. 2019 செப்டம்பர் 4 அன்று கூடிய மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழு இதை ஒருமனதாக ஏற்றுக்கொண்டிருந்தது. அங்கிருந்து சட்டமன்றத்துக்கு வர இரண்டு வருடம். கேரளத்துக்கு அடுத்து இப்படியொரு சட்டம் கொண்டுவந்த மாநிலம் என்று அப்போது பத்திரிகைகள் பாராட்டின. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்கு ஐம்பது பிளாஸ்டிக் ஸ்டூலின் விலை ஒரு பொருட்டே இல்லை. ஆடித் தள்ளுபடிக்குக் கட்டும் சீரியல் விளக்கின் செலவில் அது காணாமல் போய்விடும். அப்படியிருக்க, அதை வாங்கிப் போட ஏன் ஒரு சட்டம் தேவைப்பட்டது? கடை ஊழியர்கள்மீது நமக்கு உள்ள மரியாதை எவ்வளவு, அது எங்கே தடுக்கி நிற்கிறது என்பதையெல்லாம் இந்த ஒரு கேள்வியை வைத்தே பார்த்துவிடலாம்.

எழுபத்து மூன்று வருட இடைவெளி

22-ஏ பிரிவின் வாசகம் புதிதாக யோசித்து எழுதியது போலத் தெரியவில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 44ஆவது பிரிவு ஏறக்குறைய இதையேதான் சொன்னது: நின்றுகொண்டு வேலை செய்ய வேண்டிய தொழிலாளர்கள் எல்லோருக்கும் உட்காரத் தகுந்த ஏற்பாடு இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே ஓய்வுக்கு வாய்ப்பு வரும்போது அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். சுதந்திரம் வந்த அடுத்த வருடமே மில் தொழிலாளிக்கு எழுத்தில் கிடைத்த உரிமை இது. அதே மில்லில் நெய்த துணியைக் கடையில் விரித்துக் காட்டும் பெண்ணுக்கு அது வந்து சேர 2021 ஆனது.

நடுவில் எழுபத்து மூன்று வருடம். மில்லில் பெரிய சங்கங்கள் இருந்தன, கடைகளில் இல்லை என்பது ஒரு காரணம். நூறு பேர் சேர்ந்து தறியை நிறுத்தினால் உற்பத்தி நிற்கும். பத்துப் பேர் வேலை பார்க்கும் கடையில் இரண்டு பேர் முகம் சுளித்தால் மறுநாள் அந்த இடத்தில் வேறு இரண்டு பேர் நிற்பார்கள். இந்தக் காரணம் சரிதான். ஆனால் இதைவிட முக்கியமான ஒரு வேறுபாடு இருப்பதாக எனக்குப் படுகிறது. மில்லுக்குள் வாடிக்கையாளர் வருவதில்லை. தொழிலாளி உட்கார்ந்திருக்கிறாரா, நிற்கிறாரா என்று பார்க்க அங்கே சூப்பர்வைசர் மட்டும்தான். கடையில் பார்க்கிற கண் நம்முடையது. அங்கே நிற்பதே ஒரு சரக்காக நமக்குக் காட்டப்படுகிறது.

யோசித்துப் பாருங்கள். அளவு எடுக்கவும் அலமாரியிலிருந்து பெட்டியை இறக்கவும் நிற்கத்தான் வேண்டும். ஆனால் பகல் இரண்டு மணிக்கு, ஆளே இல்லாத தளத்தில், மடித்து அடுக்கிய துணிகளுக்கு முன்னால் கைகட்டி நிற்பது எந்த வேலைக்காக? யாராவது ஏறி வந்தால் அவர் கண்ணில் படுவதற்காக. ‘உனக்காகக் காத்திருக்கிறோம்’ என்று காட்டுவதற்காக.

மிட்டாய்த் தெருவிலிருந்து

தமிழ்நாட்டுச் சட்டம் தானாக முளைக்கவில்லை. அதன் வேர் கோழிக்கோட்டில், மிட்டாய்த் தெரு என்று அழைக்கப்படும் கடைவீதியில் இருக்கிறது. அங்கே தையல் வேலை பார்த்துவந்த பி. விஜி என்பவர் 2009 வாக்கில் கடைகளில் வேலை பார்க்கும் பெண்களைச் சேர்த்துப் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் முதலில் நாற்காலி கேட்கவில்லை, கழிப்பறைதான் கேட்டார்கள். நெருக்கமான கடைவீதியில், காலையிலிருந்து இரவு வரை வேலை பார்க்கும் பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை. தண்ணீரே குடிக்காமல் நாளை ஓட்டினார்கள். சிறுநீர்த் தொற்று சர்வசாதாரணமாக இருந்தது. அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் உட்காரும் உரிமையைக் கையில் எடுத்தார்கள். மலையாளத்தில் அதற்கு ‘இரிக்கல் சமரம்’ என்று பெயர். உட்காரும் போராட்டம்.

இந்த வரிசை முக்கியம். கழிப்பறையும் நாற்காலியும் வேறு வேறு கோரிக்கை போலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் தடை ஒன்றுதான். ‘இடத்தைவிட்டு நகராதே, உடம்பு இருப்பதைக் காட்டிக்கொள்ளாதே’ என்ற உத்தரவு. தாகம், களைப்பு, மாதவிடாய், கால்வலி எதுவும் அந்தக் கவுன்டருக்குப் பின்னால் தெரியக் கூடாது. சுவரில் சாய்ந்ததற்கும் பக்கத்தில் நிற்பவரோடு பேசியதற்கும்கூடச் சம்பளத்தில் பிடித்தார்கள் என்று அந்தப் பெண்கள் பொதுவெளியில் சொன்னார்கள்.

2014 டிசம்பர் கடைசியில் திருச்சூரின் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்த்த பெண்கள் சிலர், உட்காரக் கேட்டதற்காகவும் சங்கம் சேர்ந்ததற்காகவும் பழிவாங்கப்பட்டோம் என்று சொல்லிக் கடைவாசலில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். நூறு நாளைத் தாண்டியது அந்தப் போராட்டம். உள்ளே உட்கார இடமில்லாததால் வெளியே தெருவில் உட்கார்ந்த பெண்கள்! பெரிய தொழிற்சங்கங்கள் ஆரம்பத்தில் இதைத் தங்கள் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதை விஜி பலமுறை சொல்லியிருக்கிறார். கூலி உயர்வு கேட்டால் அது தொழிற்சங்கக் கோரிக்கை. நாற்காலி கேட்டால் அது என்ன வகைக் கோரிக்கை என்று அவர்களுக்கே பிடிபடவில்லை போலும்.

கடைசியில் கேரள அரசு 2018இல் தன் 1960ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியது. அதே வருடம் பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயர் இடம்பெற்றது. மூன்று வருடம் கழித்து அந்தக் காற்று வாளையாறு தாண்டி இந்தப் பக்கம் வந்தது.

கால் என்ன ஆகிறது

நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்து, காலிலிருக்கும் ரத்தத்தை மேலே இதயத்துக்குத் தள்ளுகிறது. அசையாமல் நின்றால் அந்தத் தள்ளல் நின்றுபோகும். ரத்தம் கீழேயே தேங்கும். ரத்தம் கீழிறங்காமல் பிடித்துவைக்கச் சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள் நாளாக ஆகத் தளர்ந்துபோகும். பிறகு முழங்காலுக்குப் பின்னாலும் கெண்டைக்காலிலும் நீலமாகச் சிரைகள் புடைத்து முறுக்கிக்கொள்ளும். டாக்டர்கள் வெரிகோஸ் என்பார்கள், ஊரில் நரம்பு சுருட்டிக்கொண்டது என்பார்கள். கூடவே குதிகால் வலி, இடுப்புவலி, சாயங்காலம் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீக்கம்.

பெரியம்மா மகள் ஒருத்தி, எனக்கு அக்கா, சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் ஆறு வருடம் வேலை பார்த்தாள். கடைக்காரர்களே நடத்தும் விடுதி, கடைச் சாப்பாடு, காலையில் கூட்டமாக நடந்து கடைக்குப் போவது, இரவு கூட்டமாகத் திரும்புவது. கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தபோது அவளுக்கு வயது இருபத்தைந்து. கால் ஐம்பது வயதுக்காரியுடையது போல இருந்தது. மருதாணி வைக்கும்போது அதைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா அழுதார்.

‘‘எட்டி, காலுவலி கூடப் பழகிரும். மத்தியானம் மூணு மணி இருக்கு பாரு, அதான் பழகவே இல்ல,’’ என்றாள் அக்கா. ‘‘கூட்டம் இருக்கைல ஒண்ணும் தெரியாது. ஆளில்லாம நிக்கணும்ல, அப்பதான் நேரம் நவுராது. சேலைய எடுக்கப்போற மாதிரி கீழ குனிஞ்சு ரெண்டு நிமிசம் குத்தவைப்போம். சூப்பர்வைசரு வந்தா பெட்டியத் தேடுற மாதிரி எந்திரிச்சிருவோம்.’’

கூட்டம் நெரியும் தீபாவளியைவிட ஆளில்லாத மூன்று மணிதான் அவளுக்குப் பெரிய பாரமாக இருந்திருக்கிறது. வேலை செய்து வரும் களைப்புக்கு ஒரு அர்த்தம் உண்டு. சும்மா நின்று வரும் களைப்பில் ‘இது எதற்கு’ என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. அவள் காலை வீங்கவைத்தது எந்த வேலையும் இல்லாத அந்த நேரம்தான்.

யார் உட்காரலாம்

‘கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்’ என்றால் அவர்தான் முதலாளி என்பது தமிழில் சொல்லாமலே விளங்கும். ‘நிற்கவைத்தே பேசி அனுப்பிவிட்டான்’ என்றால் அவமானப்பட்டு வந்திருக்கிறார் என்று பொருள். விருந்தாளிக்கு நாம் முதலில் சொல்வது ‘வாங்க, உட்காருங்க’ என்பதுதான், தண்ணீர்ச் செம்பு அதற்குப் பிறகு. உட்காரச் சொல்வதை மரியாதையின் முதல் படியாக வைத்திருக்கும் ஒரு மொழி, நாள் முழுக்க ஒருவரை நிற்கவைப்பதன் பொருள் தெரியாமல் இருக்க முடியாது.

இந்தப் பொருளின் கசப்பான அடி நம் சாதி வரலாற்றில் இருக்கிறது. பண்ணையார் முன்னால் துண்டை இடுப்பில் இறக்கிக்கட்டி நின்றவர்கள் யார், திண்ணையில் யார் ஏறலாம், டீக்கடை பெஞ்சில் யார் உட்காரக் கூடாது என்பதெல்லாம் எழுதிவைக்காத சட்டங்களாக இருந்தன. முழுவதும் போய்விட்டன என்று சொல்ல வழியில்லை. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தேர்தலில் வென்று வந்த பட்டியல் சாதி ஊராட்சித் தலைவர், தன் ஊராட்சிக் கூட்டத்திலேயே தரையில் உட்காரவைக்கப்பட்ட படத்தை 2020இல் நாடே பார்த்தது. பதவி இருந்தது, நாற்காலிதான் இல்லை. ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணின் நிலையும் இதுவும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் உட்காருவதைப் பார்த்தால் நமக்குள் சுருக்கென்று ஏதோ குத்துகிறதே, அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் இந்தத் திண்ணைகளைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

கடைக்கு வாடிக்கையாளராக வருகிற அதே ஆள் தாலுகா ஆபீசுக்குப் போகும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். அங்கே சேவை செய்ய வேண்டியவர் உட்கார்ந்திருக்கிறார், சேவை கேட்டுப் போனவர் கையில் மனுவோடு நிற்கிறார். கடையில் இது தலைகீழ். சேவை செய்கிறவர், செய்யப்படுகிறவர் என்ற கணக்கை வைத்து இதை விளக்கவே முடியாது. அதிகாரம் எந்தப் பக்கமோ நாற்காலி அந்தப் பக்கம். ஆபீசில் நின்று கால் கடுத்தவர்தான் சாயங்காலம் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, எதிரே நிற்கும் பெண்ணிடம் நாற்பது சேலையை விரிக்கச் சொல்கிறார்.

ஆம், ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டுதான். சேலைப் பிரிவில் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நமக்கு வரிசையாக ஸ்டூல் போட்டிருப்பார்கள். இரண்டடி அகல மேசை. ஒரு பக்கம் அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறவருக்கு இருக்கை உண்டு. மறுபக்கம் பத்து, பன்னிரண்டு மணி நேரம் இருப்பவருக்கு இல்லை.

பழைய கடைகள் இப்படி இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்தின் பழைய பட்டுக்கடைகளில் இன்றும் பார்க்கலாம்: தரையில் வெள்ளை விரிப்பு, ஒரு பக்கம் கடைக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார், எதிரே குடும்பத்தோடு நாமும் உட்காருவோம். புடவைகள் நடுவில் மடி மடியாக வந்து விழும். நம் ஊரில் துணி விற்பது பெரும்பாலும் உட்கார்ந்து செய்த தொழில். அடுக்குமாடிக் கடைகளும் உயரமான கவுன்டர்களும் வந்தபோதுதான் விற்பவர் எழுந்து நின்றார். அப்படி நின்றதை நாம் ‘கவனிப்பு’ என்று எடுத்துக்கொண்டோம்.

‘வா’ என்றும் ‘வாங்க’ என்றும்

நாற்காலியிலிருந்து கொஞ்சம் விலகி இதையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் மரியாதை தருகிறோமா இல்லையா என்று காட்டாமல் ஒரு வினைச்சொல்லைக்கூட முடிக்க முடியாது. வா, வாங்க. எடு, எடுங்க. ஒவ்வொரு தடவையும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். வயதில் மூத்தவரை ஒருமையில் அழைத்தால் வீட்டில் அடி விழும். ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நிற்கும் அறுபது வயதுக் காவலாளியிடம் பதினைந்து வயதுப் பையன் ‘கேட்டைத் திற’ என்கிறான், யாரும் திடுக்கிடுவதில்லை. ஹோட்டலில் சப்ளையரை ‘இந்தாப்பா’ என்று விரல் சொடுக்கிக் கூப்பிடுகிறோம். வயதுக்குத் தரும் மரியாதை என்று நாம் பெருமைப்படும் ஒன்று, சீருடையைப் பார்த்ததும் ரத்தாகிவிடுகிறது.

என் அக்கா சொன்னதில் எனக்கு மிகவும் உறைத்தது இதுதான்: ‘‘பேரச் சொல்லி ஒருத்தரும் கூப்பிட்டதில்ல. நெஞ்சுல அட்டை குத்தியிருக்கும், அதுல பேரு இருக்கும். படிக்கணும்னு யாருக்கும் தோணாது.’’

சட்டம் வந்த பிறகு

22-ஏ வந்த பிறகு ஊழியர்களுக்கு ஸ்டூல் வந்த கடைகள் உண்டு. தொழிலாளர் துறையினர் ஆய்வுக்குப் போய், இருக்கை இல்லாத கடைகள்மீது நடவடிக்கை எடுத்த செய்திகளும் வந்தன. கடைகள் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. இந்தச் சட்டத்தில் ‘நிறுவனம்’ என்ற சொல்லுக்குள் உணவகம், தங்கும் விடுதி, தியேட்டர் எல்லாம் அடங்கும். அதாவது நாள் முழுக்கத் தட்டு சுமக்கும் சப்ளையருக்கும், தியேட்டரில் டிக்கெட் கிழித்துத் தருகிறவருக்கும் இது பொருந்தும். இது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நான் போகிற இடங்களில் கேட்டுப்பார்ப்பதுண்டு. தெரியும் என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

கடைகளில் நான் பார்த்தது இரண்டு வகை. ஒன்று, ஸ்டூல் இல்லவே இல்லாத தளங்கள். இன்னொன்று, ஸ்டூல் இருந்து யாரும் உட்காராத தளங்கள். ஸ்டூலின் மேல் அட்டைப்பெட்டிகளையோ மடிக்க வேண்டிய துணியையோ வைத்திருப்பார்கள். இந்த இரண்டாவது வகைதான் எனக்குக் கவலை தருகிறது. ஏனென்றால் ஆய்வாளர் வந்தால் ஸ்டூலை எண்ணிப் பார்த்து எழுதிக்கொண்டு போகலாம். உட்கார்ந்தால் யார் முறைப்பார்கள் என்பதை எண்ண முடியாது.

குறை சட்டத்தின் வாசகத்திலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். ‘வாய்ப்புக் கிடைக்கும்போது’ என்கிறது அது. வாய்ப்பு வந்துவிட்டது என்று தீர்மானிப்பவர் யார்? நிற்கிறவரா, மேற்பார்வையாளரா? பிரிட்டனில் 1899இல் கடை உதவியாளர்களுக்கான இருக்கைச் சட்டம் வந்தபோது, மூன்று பெண் ஊழியர்களுக்கு ஒரு இருக்கையாவது இருக்க வேண்டும் என்று எண்ணிக்கையைச் சொன்னார்கள். எல்லோருக்கும் இருக்கை என்று சொல்லும் நம் சட்டம் அந்த வகையில் அதைவிடத் தாராளமானது. ஆனால் 1964இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வணிக நிலையங்களுக்கும் அலுவலகங்களுக்கும் வகுத்த 120ஆவது உடன்படிக்கையில் இரண்டு பாதி இருக்கிறது: போதுமான இருக்கைகளைத் தர வேண்டும், அவற்றைப் பயன்படுத்த நியாயமான வாய்ப்பையும் தர வேண்டும். நம் சட்டம் முதல் பாதியைக் கடை முதலாளியின் கடமையாக்கியது. இரண்டாவது பாதியை வாய்ப்பின் கையில் விட்டுவிட்டது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இதே விஷயம் நீதிமன்றம் வரை போனது. பில் போடுகிறவர் நின்றுகொண்டு வேலை செய்ய வேண்டும் என்று முதலாளி விரும்பினால் அது போதுமா என்பது வழக்கு. 2016இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், ஒரு குறிப்பிட்ட இடத்தில் செய்யும் வேலையை உட்கார்ந்து செய்ய முடியுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும், முதலாளியின் கருத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம், அதுவே முடிவாகிவிடாது என்றது. ஜெர்மனியின் சூப்பர்மார்க்கெட்டுகளில் பில் போடுகிறவர்கள் உட்கார்ந்தே பில் போடுகிறார்கள். அதை அவமரியாதை என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. நம் ஊரில் வங்கிக் காசாளரும் உட்கார்ந்துதான் பணம் எண்ணித் தருகிறார். அவர் எழுந்து நிற்கவில்லையே என்று யாரும் கோபித்துக்கொண்டு கணக்கை முடித்ததில்லை.

முதலாளிகள் தரப்பில் சொல்லப்படும் வாதம் ஒன்றுண்டு: ஊழியர் உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளர் வருத்தப்படுவார், அடுத்த கடைக்குப் போய்விடுவார். இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அது எங்கள் வீட்டிலேயே நடந்திருக்கிறது. சட்டம் வந்த மறு வருடம், தம்பி கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போயிருந்தோம். சாப்பாட்டு நேரம் முடிந்த வேளை. சுங்குடிப் பிரிவில் ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்து விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் உட்கார்ந்தபடியே, ‘‘சொல்லுங்கம்மா, என்ன பாக்குறீங்க?’’ என்று சிரித்தாள். அம்மா என் காதில், ‘‘எந்திரிக்கிறாளா பாரு,’’ என்றார். எனக்கும் அந்தக் கணத்தில் உள்ளே ஏதோ உரசியது. அக்காவின் காலைப் பார்த்தவள் நான். அப்படியும் உரசியது. சத்தமாக எதையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்த ஒரே நொடியில் அந்தப் பெண் எழுந்துவிட்டாள், ஸ்டூலைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

முதலாளி வைத்திருக்கும் சூப்பர்வைசர் தளத்துக்கு ஒருவர்தான். நாமோ கூட்டம் கூட்டமாக வருகிறோம். 22-ஏ பிரிவு சூப்பர்வைசரைக் கட்டுப்படுத்தலாம். அம்மாவின் கண்ணை, என் கண்ணை எந்தப் பிரிவு கட்டுப்படுத்தும்?

ஆனால் கண் பழகும் என்பதையும் நான் நம்புகிறேன். கவுன்டரைக் கொஞ்சம் தாழ்த்தி, உட்கார்ந்தே சேலை விரிக்கும்படி அமைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். காஞ்சிபுரத்து வெள்ளை விரிப்பு அதற்குச் சாட்சி. ‘எங்கள் ஊழியர்கள் உட்கார்ந்திருந்து உங்களுக்கு உதவுவார்கள்’ என்று ஒரு கடை வாசலில் எழுதிவைத்தால், அடுத்த பொங்கலுக்குள் அது வாடிக்கையாகிவிடும். ஊழியர் எப்போது உட்காரலாம் என்பதை அவரே முடிவு செய்வார் என்ற ஒரு வரியை விதிகளில் சேர்க்க அரசுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. இதையெல்லாம் கேட்கும் உரிமை, கடைக்குள் காசோடு நுழையும் நமக்கு அந்தப் பெண்களைவிட அதிகமாகவே இருக்கிறது. அவர்கள் கேட்டால் வேலை போகும். நாம் கேட்டால் காபி கொடுத்து உட்காரவைத்துப் பதில் சொல்வார்கள்.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவிடம் அக்காவின் காலைப் பற்றிப் பேசினேன். அக்கா கல்யாண வேலையில் அம்மாவும் அதைப் பார்த்திருந்தார், பெரியம்மாவோடு சேர்ந்து அழுதும் இருந்தார். கடைப் பெண்ணையும் அந்தக் காலையும் அவர் ஒன்றாகச் சேர்த்து யோசித்ததில்லை, அவ்வளவுதான். வெகுநேரம் பேசாமல் வந்தார்.

இரண்டு மாதம் கழித்து, உறவில் ஒரு சீமந்தத்துக்குப் புடவை எடுக்க அதே கடைக்குப் போனோம். அதே பிரிவு, வேறொரு பெண். நின்றுகொண்டிருந்தாள். அம்மா கவுன்டருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, மேசைக்கு அடியில் கிடந்த ஸ்டூலைக் கையால் காட்டி, ‘‘இழுத்துப் போட்டு உக்காரும்மா, உக்காந்தே எடுத்துக் காட்டு, எங்களுக்கு அவசரமில்ல,’’ என்றார்.

அந்தப் பெண் தலையைத் தூக்கி மூலையில் இருந்த கேமராவைப் பார்த்தாள். ‘‘பரவால்லம்மா,’’ என்று சொல்லிவிட்டு, நின்றபடியே அடுத்த புடவையை விரித்தாள்.